பிள்ளை அழுதால் தாயின் சாப்பாடுதான் காரணமா?

மாலை ஏழரை மணி தாண்டிவிட்டால் போதும். தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், கல்யாண், டோம்பிவிலிப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் ஏதாவது ஒரு வீட்டில் கைக்குழந்தையின் அழுகுரல் ஆரம்பித்துவிடும். லோக்கல் ரெயிலில் நசுங்கி வீடு வந்து சேரும் தகப்பன், செருப்பைக் கழற்றுவதற்குள் பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொள்கிறான். பாயில் உட்கார்ந்திருக்கும் தாய் தலை குனிந்திருக்கிறாள். ஊரிலிருந்து பிரசவம் பார்க்க வந்த பாட்டி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு என்னத்தத் தின்ன?"

சமீபத்தில் சயான் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். பிள்ளை பிறந்து முப்பத்தைந்து நாள். பிரசவமான புதிதில் அந்தப் பெண்ணுக்குச் சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட லேகியம் என்று நல்ல சாப்பாடுதான் கிடைத்திருக்கிறது. மூன்றாவது வாரத்தில் பிள்ளை மாலை நேரத்தில் வீறிட ஆரம்பித்ததும் பத்தியம் இறுகத் தொடங்கியது. முதல் நாள் அழுதபோது, "நேத்து கொண்டக்கடல தின்னல்லா, அதாம் பிள்ளைக்கு வயிறு ஊதிட்டு" என்று கடலை நின்றது. மறுநாள் பருப்பு நின்றது. அதற்கும் மறுநாள் கீரை, அது குளிர்ச்சியாம். பிறகு மீன், முட்டை, பழம், தயிர். நான் போன அன்று அவளுடைய தட்டில் இருந்தது, கஞ்சி வடித்த பச்சரிசிச் சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். மூன்று வேளையும் அதுதான். இத்தனையும் நிறுத்திய பிறகும் பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

அடுத்த வீட்டு மராத்தி ஆயி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கீரை கொடுக்காமல் எப்படிப் பால் ஊறும்?" என்று கேட்டாளாம். அவர்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக்கீரை, ஷேப்பு என்கிற சதகுப்பைக்கீரை, கம்பு ரொட்டி, நெய்யில் பொரித்த கோந்து லாடு எல்லாம் கொடுப்பார்கள். ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் விலக்கு, அந்தப்பக்கம் மருந்து! ஆனால் மாலையானால் அந்த வீட்டுக் குழந்தையும் அழுகிறது, இந்த வீட்டுக் குழந்தையும் அழுகிறது.

அழுகைக்கு ஒரு கணக்கு

பச்சைக் குழந்தைகளின் அழுகையை மருத்துவர்கள் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டாக்டர் பிரேசல்டன் என்பவர் 80 குழந்தைகளைக் கவனித்து 1962-ல் வெளியிட்ட குறிப்பு புகழ்பெற்றது. பிறந்த இரண்டாவது வாரத்தில் குழந்தைகள் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றேமுக்கால் மணி நேரம் அழுதன. ஆறாவது வாரத்தில் அது இரண்டேமுக்கால் மணி நேரமானது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. இவை நோயுற்ற குழந்தைகள் அல்ல, நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். அழுகை அதிகமாக இருந்ததும் மாலை நேரத்தில்தான்.

பிறகு வந்த ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. இரண்டாவது வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் அழும் குழந்தைகளும் உண்டு. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு எந்த நோயும் இருப்பதில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பத்தியத்தின் சூட்சுமம் புரியும். மூன்றாவது வாரத்தில் கடலையை நிறுத்துகிறார்கள். அழுகை அப்போது கூடிக்கொண்டிருக்கும் காலம் என்பதால் பலன் தெரிவதில்லை. நான்காவது வாரம் பருப்பு, ஐந்தாவது வாரம் கீரை. ஏழாவது வாரத்தில் தயிரை நிறுத்தும்போது அழுகை தானாகவே குறைய ஆரம்பித்திருக்கும். "பாத்தியா, தயிர்தாம் காரணம்!" என்று பாட்டி சொல்லுவாள். அடுத்த பிரசவத்தில், தெருவில் நடக்கும் அத்தனை பிரசவங்களிலும், தயிர் முதல் நாளே விலக்கப்படும். பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் அவள் சொல்கிறாள்.

பாலுக்குள் எது போகும்?

தாய்ப்பால் வயிற்றிலிருந்து நேராக வருவதில்லை. மார்பிலுள்ள சுரப்பிகள் ரத்தத்திலிருந்து எடுத்துப் பாலைத் தயாரிக்கின்றன. கடலையோ முட்டைக்கோசோ சாப்பிட்டால் தாயின் குடலில் வாயு சேரலாம். அந்த வாயு குடலோடு சரி. ரத்தத்தில் கலந்து, பாலில் இறங்கி, பிள்ளையின் வயிற்றை ஊதவைப்பதில்லை. மிளகாய்க் காரமும் அப்படிப் பிள்ளையின் வயிற்றைப் புண்ணாக்குவதில்லை.

வாசனை மட்டும் போகும். அமெரிக்காவில் 1991-ல் பாலூட்டும் தாய்மார்களுக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசம் ஏறியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்து குடித்தன. இந்த விஷயத்தில் நம்முடைய பூண்டுக் குழம்பு ஜெயித்துவிட்டது என்றே சொல்லலாம்.

அப்படியானால் தாய் சாப்பிடும் எதுவுமே பிள்ளையைப் பாதிக்காதா? பாதிக்கும். ஆனால் அந்தப் பட்டியல் பாட்டியின் பட்டியலைவிட மிகச் சிறியது.

முதலாவது பசும்பால். ஸ்வீடன் நாட்டில் 1978-ல், ஓயாமல் அழுத தாய்ப்பால் குழந்தைகளின் தாய்மார்கள் 18 பேரைப் பசும்பாலை அறவே நிறுத்தச் சொன்னார்கள். 13 குழந்தைகளின் அழுகை நின்றது. பசும்பாலில் உள்ள புரதத்தின் துணுக்குகள் தாய்ப்பாலில் இறங்குவதும், சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமல் போவதும் உண்மை. ஆனால் அது எல்லாக் குழந்தைக்கும் பொருந்துவதல்ல. 2018-ல் இதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பரிசீலித்தவர்கள், தாயின் உணவை மாற்றினால் அழுகை தீரும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஆகவே வெறும் அழுகைக்காகப் பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். பிள்ளையின் மலத்தில் ரத்தக் கோடு, சளி போன்ற கசிவு, தோலில் விடாத சொறி, ஓயாத வாந்தி என்று கூடவே ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால், பால், தயிர், மோர், நெய், பால்கோவா எல்லாவற்றையும் இரண்டு வாரம் முழுமையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி சாப்பிட்டும் பார்க்க வேண்டும். மறுபடி சாப்பிட்டுப் பார்க்காமல் "இதுதான் காரணம்" என்று முடிவு கட்டினால், அது பாட்டி கட்டிய முடிவைப் போலத்தான். சைவக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அவளுக்கு வைட்டமின் பி12 கிடைப்பதே பால், தயிரிலிருந்துதான். அதை நிறுத்தும்போது மாத்திரை வேண்டும்.

இரண்டாவது காபி, டீ. பெரியவர்கள் குடித்த காபியின் சாரம் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பிறந்த குழந்தையின் உடம்பில் அப்படிக் குறைய மூன்று, நான்கு நாட்கள்கூட ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பிள்ளை தூங்காமல் துடிக்கும். நாளுக்கு இரண்டு சிறிய டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் பயமில்லை. கண் விழிக்க வேண்டுமே என்று கட்டிங் சாயை மணிக்கொருதரம் குடிப்பதுதான் ஆகாது.

மூன்றாவது புகையிலை. இந்த ஊரில் பெண்கள் பல் துலக்கும் மிஷ்ரி என்பது வறுத்த புகையிலைத் தூள்தான். அதன் நஞ்சு பாலில் இறங்கும். பழகியவர்கள் விட்டுவிட வேண்டும். பீடி, சிகரெட் புகையும் குழந்தைக்கு ஆகாது. பத்துக்குப் பத்து அறையில் மனைவிக்குப் பத்தியம் போட்டுவிட்டு, கதவோரம் நின்று பீடி குடிக்கும் தகப்பன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தின்னாததால் வரும் ஆபத்து

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். தாய் தின்றதால் பிள்ளைக்கு வரும் கெடுதல் கொஞ்சம். தின்னாததால் வருவது உயிருக்கே ஆபத்தானது.

தாய் அரைவயிறு சாப்பிட்டாலும் பாலில் கொழுப்பும் புரதமும் பெரிய அளவில் குறைவதில்லை. தன் உடம்பைக் கரைத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் பி வைட்டமின்கள் அப்படியல்ல. அவள் சாப்பிட்டால்தான் பாலில் இருக்கும். அதிலும் பி1 என்கிற தயாமின் உடம்பில் அதிக நாள் தங்காது. சில வாரம் சாப்பிடாமல் இருந்தாலே தீர்ந்துவிடும்.

தயாமின் அரிசியின் தவிட்டில் இருக்கிறது. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியில் அது பெரும்பாலும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பதும் நாலு தண்ணீர் கழுவுவதிலும் கஞ்சி வடிப்பதிலும் போய்விடும். புழுங்கலரிசி வேறு மாதிரி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் நம் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்களும் உண்டு. அங்கே இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடக்கு மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பக்கத்தில், அந்த நோய் இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. பெரிபெரிப் பகுதியில் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் இறந்ததைப்பற்றி 1941-லேயே எழுதி வைத்தார்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் பெங்களூர் இருதய நோய் டாக்டர்களும் ஐதராபாத் குழந்தை மருத்துவர்களும் இதே நோயைப்பற்றித் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். காஷ்மீரிலிருந்தும் அதற்குமுன் செய்தி வந்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்த, சில மாதமேயான குழந்தைகள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஓயாமல் அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது. சிலவற்றுக்குக் குரல் கம்மிவிடுகிறது. இருதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறது. தாய்மார்களைக் கேட்டால் பிரசவப் பத்தியம், தீட்டிய அரிசிச் சோறு. தயாமின் ஊசி போட்டதும் ஓரிரு நாளில் குழந்தைகள் தேறின. ஊசி போடத் தோன்றாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஊரில் புழுங்கல் சாப்பிட்ட குடும்பம் மும்பைக்கு வந்ததும் கடையில் கிடைக்கும் பச்சரிசிக்கு மாறிவிடுகிறது. அதோடு பருப்பு, மீன், முட்டை, காய்கறி இருக்கும்வரை பயமில்லை. பிரசவப் பத்தியத்தில் அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும்போதுதான் விபரீதம். சாப்பாட்டுக்குப்பின் செரிமானத்துக்கென்று பாக்கு மென்று, மேலே டீயும் குடித்தால், இருக்கிற கொஞ்சநஞ்சத் தயாமினும் கெட்டுப்போகும்.

என்ன சாப்பிடலாம்?

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம், வழக்கமாகத் தேவைப்படுவதற்கு மேல் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2020-ல் கணக்கிட்டிருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாடு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தியம் என்ற பெயரில் நாம் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம்!

விலை உயர்ந்த டானிக் எதுவும் தேவையில்லை. புழுங்கலரிசி கிடைத்தால் நல்லது. மாதுங்காவிலும் தாராவியிலும் தமிழர் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பச்சரிசியை அதிகம் கழுவாமல், கஞ்சி வடிக்காமல் பொங்குங்கள். துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, நிலக்கடலை, எள்ளுத் துவையல், கோதுமை ரொட்டி, கம்பு ரொட்டி எல்லாவற்றிலும் தயாமின் உண்டு. கேழ்வரகு நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முருங்கைக்கீரை, முட்டை, எலும்போடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லவை. பாட்டிமார்கள் கொடுத்து வந்த சுறாப்புட்டு, பூண்டு, கருப்பட்டியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்கும் பத்தியம் நல்ல பத்தியம். பறிக்கும் பத்தியத்தைத்தான் விடச் சொல்கிறோம். தினம் ஓர் இரும்புச் சத்து மாத்திரை, பிரசவத்துக்குப்பின் 180 நாட்கள் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் சுகாதார நிலையத்திலும் இலவசம். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அழுதால் என்ன செய்வது?

முதலில் பால் போதுகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு நாளான பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். பிறந்ததும் சற்றுக் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் பழையபடி வந்துவிட வேண்டும். அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஏறினால் உங்கள் பால் போதும், சந்தேகமே வேண்டாம். ஏறாவிட்டால் பிள்ளை மார்பைப் பிடிக்கும் முறையில் தவறு இருக்கலாம். காம்பை மட்டும் கவ்வாமல், அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போக வேண்டும். ஆஸ்பத்திரி நர்சிடம் காட்டிக் கேளுங்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் ஆரம்பமானது நம் சயான் ஆஸ்பத்திரியில்தான்.

பால் குடித்தபின் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். துணியில் சுற்றி, மார்போடு அணைத்து, அரையிருட்டில் நடந்தால் பல பிள்ளைகள் அடங்கும். சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு உரசிய மருந்து, கிரைப் வாட்டர், கடையில் விற்கும் குட்டி ஆகிய எதுவும் பிள்ளை வாயில் போகக் கூடாது. ஒரு காலத்தில் இந்த நகரத்து ஆலைத் தொழிலாளிப் பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைத்தார்கள். எதைக் கொடுத்தால் பிள்ளை உடனே அடங்குகிறதோ, அதைக் கண்டு பயப்பட வேண்டும். எரிச்சலில் பிள்ளையை உலுக்கிவிடாதீர்கள். மூளையில் ரத்தம் கசியும். பொறுமை போய்விட்டால், பிள்ளையைப் பாயில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு இரண்டு நிமிஷம் வெளியே வந்து நில்லுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கண்டால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், நிமிஷத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினால், குரல் கம்மினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தாய் என்ன சாப்பிட்டு வருகிறாள் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அவர் கேட்க மறந்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு வயதுவரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை இலவசம் என்று திட்டம் இருக்கிறது.

இன்னொன்றையும் பலர் கேட்டு வாங்குவதில்லை. 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிரசவமாகி ஆறு மாதம்வரை தாய்க்கு அங்கன்வாடியில் இலவசச் சத்துணவு உண்டு. வேற்று மாநிலத்தார் என்று தயங்க வேண்டாம். குடியிருக்கும் இடத்து அங்கன்வாடியில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சயான் வீட்டுக்கு மறுபடி இரண்டு வாரம் கழித்துப் போனேன். டாக்டர் சொன்னபிறகு ஆச்சி இறங்கி வந்திருந்தாள். பருப்பும் முட்டையும் கீரையும் தட்டுக்குத் திரும்பியிருந்தன. கடலைக்கு மட்டும் இன்னும் அனுமதியில்லை. மராத்தி ஆயி கொடுத்த கோந்து லாடு ஒரு டப்பா நிறைய இருந்தது. பிள்ளை அன்றும் ஏழரைக்கு ஆரம்பித்தது. தகப்பன் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்க, உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.